பழைய டிஸ்க்கில் உள்ள படங்களைத் திறந்தால் ‘அக்சே ரெஃப்யூசே’ (அனுமதி மறுப்பு): பிரெஞ்சு விண்டோஸ் 11

கேள்வி (சேன் ஆந்த்ரே, ரெயூனியன்)

வணக்கம். பழைய மடிக்கணினியின் மதர்போர்டு போய்விட்டது. அதிலிருந்த 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி உறையில் போட்டுப் புதுக் கணினியில் இணைத்திருக்கிறேன். அது விண்டோஸ் 10, இது விண்டோஸ் 11, இரண்டும் பிரெஞ்சு. டிஸ்க் இ: என்று வருகிறது. ஆனால் ‘யுத்திலிசத்தேர்’ (பயனர்கள்) ஃபோல்டருக்குள் என் பெயரில் இருப்பதைத் திறந்தால் ‘அக்சே ரெஃப்யூசே’. கல்யாணப் படங்கள், பிள்ளைகளின் தமிழ்ப் பாடத் தாள்கள் எல்லாம் அதற்குள்தான்.

‘லெக்த்யூர் சேல்’ (படிக்க மட்டும்) டிக்கை எடுத்துப் பார்த்தேன். பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு இரண்டையும் அப்படியே வைத்துப் புதுக் கணக்கும் தொடங்கிப் பார்த்தேன். பயனில்லை. காணொளி ஒன்றில் பார்த்து, அனுமதி தரும் கட்டளையில் ‘எவ்ரிஒன்’ (எல்லோரும்) என்று கொடுத்தால், அப்படி ஒரு கணக்கே இல்லை என்கிறது. இ: முழுவதற்கும் அனுமதி மாற்றிவிடலாமா?

பதில் 1 (வட்டுத்தச்சன்)

முழு டிஸ்க்குக்கும் மாற்ற வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருந்தும் திறக்காததற்குக் காரணம், என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபைல்களைச் சேமிக்கும் முறை) டிஸ்க் உங்கள் பெயரை எழுதி வைப்பதே இல்லை. எஸ்-1-5-21 என்று தொடங்கி 1001 போன்ற எண்ணில் முடியும் நீண்ட அடையாள எண் ஒன்றைத்தான் எழுதி வைக்கிறது. விண்டோஸை எங்கே புதிதாக நிறுவினாலும் அந்த எண்ணின் நடுப்பகுதி மாறிவிடும். அதனால் உங்கள் பழைய எண் இந்தக் கணினிக்கு அந்நியம். ஃபோல்டரின் ‘செக்யூரித்தே’ (பாதுகாப்பு) தாவலில் ‘கோந்த் அங்கோன்யூ’ (தெரியாத கணக்கு) என்று ஒரு வரி தெரிந்தால், அது பழைய நீங்கள்தான். ‘லெக்த்யூர் சேல்’ இதில் சேராது; ஃபோல்டருக்கு அந்த டிக் எதையும் பூட்டுவதில்லை.

செய்ய வேண்டியது இது. தேவையான ஃபோல்டரை மட்டும் எடுங்கள், உதாரணமாகப் படங்கள் உள்ள ‘இமாஜ்’. வலது சொடுக்கு, ‘ப்ரொப்ரியேத்தே’ (பண்புகள்), ‘செக்யூரித்தே’, ‘அவான்சே’ (மேம்பட்டவை). மேலே உரிமையாளர் வரிக்கு எதிரே உள்ள ‘மொதிஃபியே’யை (மாற்று) அழுத்தி, உங்கள் கணக்குப் பெயரை அடித்து, பெயரைச் சரிபார்க்கும் பொத்தானையும் அழுத்துங்கள். பெயருக்கு அடிக்கோடு விழுந்தால் கணினி ஏற்றுக்கொண்டது. உள்ளே இருப்பவற்றுக்கும் உரிமையாளரை மாற்று என்ற சதுரம் அதற்குக் கீழே தெரியும். அதில் டிக் வைத்து ‘ஓகே’ கொடுங்கள். பிறகு எல்லாப் பெட்டிகளையும் மூடிவிட்டு மறுபடி திறக்க வேண்டும். மூடாமல் தொடர்ந்தால் பழைய பட்டியலே காட்டப்படும், பலர் அங்கேதான் குழம்புகிறார்கள். இரண்டாம் முறை ‘அழுத்தே’ (பிரெஞ்சில் ‘சேர்’) பொத்தானில் உங்கள் பெயரைச் சேர்த்து, ‘கோந்த்ரோல் தொத்தால்’ (முழுக் கட்டுப்பாடு) கொடுங்கள்.

இரண்டு சுற்று எதற்கு என்றால், உரிமையாளர் ஆவது வேறு, படிக்க அனுமதி பெறுவது வேறு. உரிமையாளருக்கு நிச்சயமாகக் கிடைப்பது அனுமதிப் பட்டியலைத் திருத்தும் உரிமை மட்டுமே.

இனி, முழு டிஸ்க் ஏன் வேண்டாம். உங்கள் பழைய ஃபோல்டருக்குள் மறைவாக ‘அப்ளிகேஷன் டேட்டா’ போன்ற பெயர்களில் சில இருக்கும். அவை உண்மையான ஃபோல்டர்கள் அல்ல, பழைய மென்பொருள்களுக்காக வைத்த வழிகாட்டிப் பலகைகள். யாரும் உள்ளே போய்ப் பட்டியல் பார்க்கக்கூடாது என்று விண்டோஸே தடை போட்டிருக்கிறது. அங்கே ‘அக்சே ரெஃப்யூசே’ வருவதுதான் முறை. அந்தப் பலகைகள் சி: என்ற முகவரியைச் சுட்டுபவை, டிஸ்க் இப்போது இ: ஆனாலும் அவை காட்டுவது உங்கள் புதுக் கணினியின் சி: டிஸ்க்கை. தடையை நீக்கினால் காப்புப் பிரதி எடுக்கும் மென்பொருள்கள் தனக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். ஆகவே படங்கள், ஆவணங்கள், டெஸ்க்டாப், பதிவிறக்கங்கள் என்று தனித்தனியே செய்யுங்கள்.

பதில் 2 (கருஞ்சாளரம், சேன் பியேர்)

மேலே சொன்னதோடு, அந்தக் கட்டளை ஏன் ஓடவில்லை என்பதும் தெரிய வேண்டும். பிரெஞ்சு விண்டோஸில் குழுக்களின் பெயர்களும் பிரெஞ்சு. ‘எவ்ரிஒன்’ இங்கே ‘து லெ மோந்த்’, ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ இங்கே ‘அத்மினிஸ்த்ரத்தேர்’. மொழி எதுவானாலும் மாறாதது எண்தான். நட்சத்திரக் குறி போட்டு எஸ்-1-1-0 என்றால் எல்லோரும், எஸ்-1-5-32-544 என்றால் நிர்வாகிகள்.

ஆனாலும் இங்கே குழு எதுவும் வேண்டாம். நிர்வாகிகள் குழுவுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் எக்ஸ்ப்ளோரர் மறுபடியும் மறுக்கும். நீங்கள் நிர்வாகியே ஆனாலும், விண்டோஸ் அந்த அதிகாரத்தைக் கேட்டால்தான் எடுத்துத் தரும்; சாதாரணமாகத் திறந்த சாளரத்தில் அது இருக்காது. உங்கள் கணக்கின் பெயரையே கொடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் திரையில் தெரியும் பெயரும் உள்ளே உள்ள பெயரும் வேறாக இருக்கும். கட்டளைச் சாளரத்தில் ‘ஹூஆம்ஐ’ அடித்தால், பின்சாய்கோட்டுக்குப் பிறகு வருவதே சரியான பெயர்.

ஆயிரக்கணக்கில் ஃபைல்கள் இருந்தால் கட்டளைதான் வேகம். நிர்வாகியாகத் திறந்த கட்டளைச் சாளரத்தில், உரிமையாளரை மாற்றும் ‘டேக்ஓன்’, சாய்கோடு எஃப், மேற்கோளுக்குள் ஃபோல்டர் முகவரி, சாய்கோடு ஆர், சாய்கோடு டி, கடைசியில் ஓ. அந்த இடத்தில் ஆங்கிலக் காணொளிகள் எல்லாம் ‘யெஸ்’ஸுக்கான ஒய் அடிக்கச் சொல்லும். பிரெஞ்சு விண்டோஸ், ‘ஆம்’ என்று பொருள்படும் ‘வி’ (oui) என்ற சொல்லின் முதல் எழுத்தான ஓ-வைத்தான் (O) ஏற்கும்.

முகவரியைக் கையால் அடிக்காதீர்கள். எக்ஸ்ப்ளோரர் ‘யுத்திலிசத்தேர்’ என்று காட்டினாலும் டிஸ்க்கில் உள்ள பெயர் ‘யூசர்ஸ்’ தான். ஃபோல்டரைத் தேர்ந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் உண்மையான முகவரி மேற்கோளோடு நகலாகும். அடித்தே ஆக வேண்டும் என்றால், நம் பிரெஞ்சு ‘அசெர்த்தி’ விசைப்பலகையில் பின்சாய்கோடு ஆல்ட்-ஜிஆரும் 8-உம் சேர்ந்தது.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. ‘இமாஜ்’ முழுவதும் திறந்துவிட்டது, நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ஆவணங்களுக்குள் ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும், உரிமையாளர் நான் என்று காட்டியும், உள்ளே உள்ள எந்த ஃபைலும் திறக்கவில்லை. படக்குறிகளின் மூலையில் சிறு பூட்டு தெரிகிறது.

பதில் 3 (வட்டுத்தச்சன்)

அந்த ஃபோல்டரில் கை வைப்பதை நிறுத்துங்கள். அந்தப் பூட்டு அனுமதி அல்ல, இஎஃப்எஸ் என்ற மறையாக்கம். அனுமதி என்பது வாசலில் நிற்கும் காவல். மறையாக்கத்தில் எழுத்தே மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. உரிமையாளரை எத்தனை முறை மாற்றினாலும் அது திறக்காது. வேண்டியது பழைய கணக்கின் சான்றிதழும் அதன் தனிச்சாவியும். பிஎஃப்எக்ஸ் என்று முடியும் ஃபைலாக எங்காவது பென் டிரைவில் சேமித்திருக்கிறீர்களா என்று முதலில் தேடுங்கள்.

இல்லை என்றால், சாவி அதே டிஸ்க்கில், பழைய கணக்கின் ‘ஆப்டேட்டா’வுக்குள், பழைய பாஸ்வேர்டால் பூட்டப்பட்டு இருக்கிறது. ஆகவே டிஸ்க்கை ஃபார்மட் செய்யக்கூடாது, பாஸ்வேர்டையும் மறக்கக்கூடாது. அதே மாதிரியான வேறொரு மடிக்கணினியில் இந்த டிஸ்க்கை உள்ளே பொருத்தி, அதிலிருந்தே விண்டோஸைத் தொடங்கி, பழைய கணக்கில் நுழைந்தால் ஃபைல்கள் தாமாகத் திறக்கும். அங்கேயே ‘ப்ரொப்ரியேத்தே’யின் முதல் தாவலில் உள்ள ‘அவான்சே’யில் மறையாக்க டிக்கை எடுத்துவிட்டு வெளியே நகலெடுங்கள். பழைய பாஸ்வேர்டை உள்ளே நுழையாமல் கருவி எதையாவது வைத்து அழித்தால் சாவியும் அதோடு போய்விடும்.

பதில் 4 (உபுண்டு வாசி, மொரிசியஸ்)

மற்ற ஃபைல்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. விண்டோஸுக்குப் பதிலான லினக்ஸ் இயங்குதளம் உள்ள பென் டிரைவில் கணினியைத் தொடங்கினால், அது பொதுவாக என்டிஎஃப்எஸ் அனுமதிப் பட்டியலைப் பொருட்படுத்தாது. எதையும் மாற்றாமலே படங்களை எடுத்துவிடலாம். டிஸ்க் படிக்க மட்டுமே திறந்தால் அஞ்ச வேண்டாம். விண்டோஸின் ‘வேகத் தொடக்கம்’ அதை முழுதாக மூடாமல் விட்டிருக்கும், அல்லது புயல் நாளில் மின்சாரம் போய்ப் பாதியில் நின்றிருக்கும். உங்களுக்குப் படிப்பது போதுமே.

சேருமிடம் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்காக இருக்கட்டும். அதில் அனுமதி என்பதே கிடையாது, அங்கிருந்து எந்தக் கணினியிலும் திறக்கும். ஃபேட்32 என்ற பழைய முறை வேண்டாம்; 4 ஜிபியைத் தாண்டிய கல்யாண வீடியோ அதில் ஏறாது.

பதில் 5 (கருஞ்சாளரம்)

எப்போதும் நகல் எடுங்கள், வெட்டி ஒட்டாதீர்கள். நகல், போய்ச் சேரும் ஃபோல்டரின் அனுமதியைப் பெறும். ஒரே டிஸ்க்குக்குள் வெட்டி நகர்த்தினால் பழைய அனுமதி கூடவே வந்து, அடுத்த மாதம் இதே கேள்வி மறுபடி எழும்.