நாமே பொருத்திய வெப்பக் காப்புக்கு எவ்வகைச் சான்று தேவை?

கேள்வி:
வணக்கம். வெளிச்சுவர்களின் உட்புறத்தில் மரச்சட்டம் அடித்து, இடையே கனிமக் கம்பளிப் (பாறை அல்லது கண்ணாடி இழையாலான காப்புப்பொருள்) பலகைகளை நானே பொருத்தி வருகிறேன். ஜிப்சம் பலகையால் மூடிய பிறகு ஆற்றல் மதிப்பீட்டுக்கு (வீடு எவ்வளவு ஆற்றலைச் செலவிடும் என்று கணிப்பதற்கு) வருபவர், ஒப்பந்ததாரரின் சான்றிதழ் இல்லாத இவ்வேலையை ஏற்க என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

பதில் 1:
மூடுவதற்கு முன் எடுக்கும் படங்களே முதன்மையானவை. மறைந்திருக்கும் காப்புக்குச் சான்று இல்லாவிட்டால், மதிப்பீட்டாளர் பெரும்பாலும் கட்டடத்தின் வயதுக்குரிய பொது மதிப்பையே எடுத்துக்கொள்வார். உங்கள் உழைப்பு கணக்கில் வராமலே போய்விடும். ஒவ்வொரு சுவரையும், எந்த அறை என்பது விளங்குமாறு சன்னலோ கதவோ தெரியத் தொலைவிலிருந்தும், தடிமன் தெரிய அளவுநாடாவை வைத்து அருகிலிருந்தும் படமெடுங்கள். பொதியின் மேலுள்ள சீட்டையும் விட்டுவிடாதீர்கள்.

பதில் 2:
ரசீதில் பொருளின் முழுப்பெயரும் தடிமனும் இருக்கட்டும். தயாரிப்பாளரின் தரவுத்தாளையும் சேர்த்து வையுங்கள். 100 மி.மீ. தடிமனுள்ள பலகையின் வெப்பக் கடத்துத்திறன் (வெப்பத்தை எவ்வளவு எளிதாகக் கடத்தும் என்பதன் அளவு) 0.040 என்றால், 0.1 மீட்டரை அதனால் வகுக்க வெப்பத்தடை (வெப்பம் கடப்பதை எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு) 2.5 எனக் கிடைக்கும். ஆனால் மரச்சட்டங்கள் வழியே வெப்பம் எளிதாகக் கடப்பதால் சுவர் முழுமைக்கும் அந்த மதிப்பு பொருந்தாது. ஆகவே சட்டங்களின் அகலத்தையும் இடைவெளியையும் குறித்துக்கொள்ளுங்கள்; பலரும் தவறவிடுவது இதைத்தான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. முந்தைய உரிமையாளர் மூடிவிட்ட ஒரு சுவருக்கு என்ன வழி?

பதில் 1:
மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அச்சுவரிலுள்ள சுவிட்சுப் பெட்டியைத் திறந்தால் சில இடங்களில் உட்பகுதி தெரியும். இல்லையெனில் சிறு துளை வழியாகக் கேமராவைச் செலுத்திப் பார்க்கலாம். அந்தச் சான்றை ஏற்பாரா என்று மதிப்பீட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.