நியூட்ரல் போன ராத்திரியும் எழுந்திருக்காத சிபியுவும்

வில்லிவாக்கம்வாசி:

போன ஐப்பசி மழையில் நடந்தது. 17ஆம் தேதி ராத்திரி எட்டரை இருக்கும். ஃபேன் பிய்த்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. பூஜை அறை குண்டு பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்தது. "இன்னிக்கு வோல்டேஜ் நல்லா வருதே" என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் மேஜைக்கு அடியில் ‘டப்’. அடுத்த நிமிஷம் கருவாடு கருகியது போல ஒரு நாற்றம். எங்கள் வீட்டில் அன்று வெறும் ரசம்தான். அப்பா ஓடிப்போய் மெயினை இறக்கினார்.

தெருமுனை பில்லர் பாக்ஸில் நியூட்ரல் விட்டுப்போயிருந்ததாக லைன்மேன் சொன்னார். மூன்று ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரல் (கரண்ட் திரும்பிப்போகும் கம்பி) அறுந்தால், ஒரு ஃபேஸ் வீடுகளில் 230 வோல்ட் 230ஆகவே இருக்காது. யார் வீட்டில் என்ன ஓடுகிறது என்பதைப் பொறுத்து ஒரு வீட்டில் 150க்கு இறங்கும், இன்னொரு வீட்டில் 400ஐத் தொடப் பார்க்கும். எதிர் வரிசையில் பல்பு மினுக்கிக்கொண்டிருந்ததாம். அவர்கள் பல்பு மங்கிய நேரத்தில் எங்கள் சிபியு போய்ச் சேர்ந்தது.

வீட்டிலிருந்தே நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். 20ஆம் தேதிக்குள் 3பி (மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போட வேண்டும். எல்லாக் கணக்கும் அந்த ஹார்ட் டிஸ்கில். பேக்கப் எடுத்து நாலு மாதம் ஆகியிருந்தது. திட்டுவதென்றால் இங்கேயே திட்டிவிடுங்கள், அம்மா ஏற்கனவே திட்டியாயிற்று.

காலையில் சுவர் பிளக்கில் இஸ்திரிப் பெட்டியை மாட்டிப் பார்த்தேன், சூடாகியது. சரி, பிளக்கில் கோளாறு இல்லை. சிபியுவை மாட்டியிருந்த ஸ்பைக் பஸ்டரை (வோல்டேஜ் உதையைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டி) திறந்தால் உள்ளே கரி. அதை ஓரம் தள்ளிவிட்டு நேராகச் சுவரில் மாட்டினேன். மானிட்டரின் பவர் கார்டைக் கழற்றி சிபியுவுக்குப் போட்டேன். அசைவில்லை. கார்டைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்தி, மறுபடி மாட்டினேன். அதற்கும் மசியவில்லை. பக்கத்துக் கடையில் சைடு கவரைத் திறந்து போர்டில் விளக்கு எரியவில்லை என்று பார்த்ததோடு சரி, "மதர்போர்டு போச்சு சார், போர்டு பிராசசர் சேத்து 14,000 ஆகும்" என்றார்கள். மீட்டரைத் தொடக்கூட இல்லை.

எதிர் பிளாட்டில் ஒரு அண்ணன், பழைய டிவி மெக்கானிக். மல்டிமீட்டரோடு வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "போர்டுல விளக்கு எரியணும்னா அதுக்கு மொதல்ல யார் கரண்ட் குடுக்கணும்?" என்று கேட்டுவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (சிபியுவுக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) போர்டுக்கு வரும் 24 பின் கனெக்டரில் ஊதாக் கம்பியில் சிவப்பு முனையையும் கறுப்புக் கம்பியில் கறுப்பு முனையையும் வைத்தார். பட்டனை அழுத்தாவிட்டாலும், பிளக் போட்டிருந்தாலே அங்கே 5 வோல்ட் நிற்க வேண்டும். மீட்டரில் 0.00. பிறகு கனெக்டரைப் போர்டிலிருந்து உருவி, பச்சையையும் கறுப்பையும் ஜெம் கிளிப்பால் இணைத்தார், பவர் பட்டனை அழுத்துவது போலத்தான் அது. எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றவில்லை. "ஊதாவே செத்துப்போச்சு, பச்சை எங்க எழுந்திருக்கும்" என்றார். கம்பிகள் எல்லாமே கறுப்பாக வரும் எஸ்எம்பிஎஸ்களில் பின்னை எண்ணித்தான் பார்க்க வேண்டும்: ஊதா 9, பச்சை 16.

ரிச்சி ஸ்ட்ரீட் போய் 2,600 ரூபாய்க்கு வேறு எஸ்எம்பிஎஸ் வாங்கி வந்தேன். மாட்டியதும் போர்டில் பச்சை விளக்கு! பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினேன், மறுபடி அரைச் சுற்று. கடைக்காரர் சொன்னதுதான் சரி, போர்டு காலி என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. எஸ்எம்பிஎஸ் கிளம்பி உடனே படுக்கிறதென்றால் எங்கோ ஷார்ட், தன்னைக் காத்துக்கொள்ள அதுவே அணைந்துகொள்கிறது என்றார். அந்த ஷார்ட் போர்டில்தான் இருக்க வேண்டுமென்று யார் சொன்னது? கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினார், அதே அரைச் சுற்று. டிவிடி டிரைவ், அதே கதை. ஹார்ட் டிஸ்கின் பவர் கேபிளை உருவினார். ஃபேன் நிற்காமல் சுற்றியது, மானிட்டரில் பூட் டிஸ்க் இல்லை என்று வந்தது. போர்டு, ராம், பிராசசர் எல்லாம் உயிரோடுதான் இருந்தன.

எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஏனென்றால் எனக்கு வேண்டியதே அந்த டிஸ்க்தான். அவர் அதைத் திருப்பி, அடியிலிருந்த பச்சைப் போர்டைக் காட்டினார். பவர் கனெக்டர் பக்கத்தில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புக் கட்டிகள் இரண்டு. டிவிஎஸ் டயோடு என்றார் (வண்டி கம்பெனி இல்லை). ஒன்று 5 வோல்ட் வழிக்குக் காவல், மற்றது 12க்கு. வோல்டேஜ் எகிறினால் தான் ஷார்ட்டாகிச் செத்து, உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். பழைய எஸ்எம்பிஎஸ் சாகும்போது 12 வோல்ட் வழியில் ஒரு உதை விட்டிருக்கிறது. மீட்டரை பீப் மோடில் வைத்துத் தொட்டார். ஒரு டயோடு பேசாமல் இருந்தது, இன்னொன்று இரண்டு பக்கமும் ‘பீ...’ என்று கத்தியது. சால்டரிங் அயர்னால் அதை மட்டும் எடுத்தார். டிஸ்கை மாட்டியதும் ‘உய்ங்...’ என்று சுற்ற ஆரம்பித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

காவல் இல்லாத டிஸ்க் என்பதால், முதல் வேலையாக எல்லாவற்றையும் வேறு டிஸ்கில் காப்பி எடுத்துவிட்டு இதை ஓய்வில் வைத்தேன். 3பி 20ஆம் தேதி ராத்திரி பதினொன்றுக்குப் போனது.

மடிப்பாக்கம்77:

எங்களுக்கு இடி. பவர் பக்கம் ஒன்றும் ஆகவில்லை. மாடியிலிருந்து வரும் நெட் கேபிள் வழியாக வந்து ரௌட்டரையும் போர்டின் லேன் போர்ட்டையும் தின்றுவிட்டது. சிஸ்டம் ஆன் ஆகும், நெட் மட்டும் வராது. விண்டோஸை இரண்டு முறை ஏற்றிப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. ஒரு யுஎஸ்பி லேன் அடாப்டரோடு இன்றுவரை ஓடுகிறது. மழை வந்தால் பிளக்கோடு அந்தக் கேபிளையும் உருவிவிடுவேன்.

சிந்தாதிரிப்பேட்டை மெக்கானிக்:

ஒரு விஷயம், தம்பிகளா. ஜெம் கிளிப் சோதனையில் ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். சும்மா சுற்றும், லோடு ஏறினால் படுக்கும். ஒரு பழைய டிவிடி டிரைவையாவது மாட்டிவிட்டு மஞ்சள் கம்பியில் 12 வோல்ட் நிற்கிறதா பாருங்கள். 11.4க்குக் கீழே போனால் வேண்டாம். 5 வோல்ட் வரும் சிவப்பில் 4.75.

இன்னொன்று, எஸ்எம்பிஎஸ் பெட்டியின் ஸ்குரூவைக் கழற்றாதீர்கள். உள்ளே 230 ஏசி சுமார் 325 டிசி ஆகிப் பெரிய கெப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் வாங்கிய உதையில் ஸ்டூலோடு விழுந்தேன். மேலே சொன்ன வீட்டில் வெடித்ததும் அந்தக் கெப்பாசிட்டராகத்தான் இருக்கும். அதன்மேல் 400 அல்லது 450 என்று போட்டிருக்கும், 400 ஏசி வந்தால் 560ஐத் தாண்டும். தாங்குமா?

பெயரில்லா பெரம்பூர்:

எங்கள் அண்ணன் வோல்டேஜ் எதுவும் எகிறாமலேயே வெடிக்க வைத்தார். எஸ்எம்பிஎஸ் பின்னால் ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்குமே, 230, 115 என்று. "கரண்ட் பில் கம்மியாகும்" என்று 115க்குத் தள்ளினார்.

மடிப்பாக்கம்77:

😂 அண்ணன் இப்போது என்ன செய்கிறார்?

பெயரில்லா பெரம்பூர்:

இன்சூரன்ஸ் விற்கிறார்.

அம்பத்தூர் கீதம்:

வில்லிவாக்கம்வாசி, ஸ்பைக் பஸ்டர் இருந்தும் ஏன் போனது? நானும் அதை நம்பித்தான் இருக்கிறேன்.

வில்லிவாக்கம்வாசி:

அண்ணனிடம் இதையே கேட்டேன். அதற்குள் இருப்பது எம்ஓவி என்கிற ஒரு சின்ன பாகம். கண் இமைக்கும் நேரத்தில் வந்து போகும் உதையை மட்டும் வாங்கிக்கொள்ளும். நிமிஷக் கணக்கில் 400 நின்றால் கரியாகிவிடும். அதோடு எங்கள் பஸ்டரின் மூன்று பின்னில் எர்த் பின்னை யாரோ உடைத்திருந்தார்கள், பழைய டூ பின் பிளக்கில் நுழைவதற்காக. யாரோ என்றால், நான்தான். இப்போது மெயினுக்குப் பக்கத்தில் வோல்டேஜ் ஏறினால் தானே கட் ஆகும் ரிலே ஒன்றை எலக்ட்ரீஷியன் போட்டுக்கொடுத்தார். போன வாரம் ஒருமுறை ‘டக்’ என்று விழுந்தது. அப்பா ஓடிப்போய்ப் பார்த்தது பூஜை அறை பல்பைத்தான்.