மைக்ரோகன்ட்ரோலர் போர்டு பின்னுலேந்து 230 வோல்ட் லோடு: உங்க அனுபவத்த எழுதுங்க

மஞ்சக்குப்பம் ரிப்பேர் கடை:
நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு போட்டிருக்கற ஒருத்தர் போர்டு ஒண்ணு கொண்டாந்தாரு, கூட அவர் பையனும் வந்திருந்தான். வைஃபை உள்ள ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர், பக்கத்துல அந்த நீலக் கலர் ரிலே (காயில்ல சின்ன கரண்ட் குடுத்தா உள்ள இருக்கற காண்டாக்ட் சேந்து பெரிய லோட ஆன் பண்ற சுவிட்ச்), போன்ல தட்டுனா போர் மோட்டார் ஓடணும், அதான் ஐடியா. நல்லாதான் ஓடிட்டிருந்துச்சாம், திடீர்னு ஒரு நாள் ஆஃப் குடுத்தா ரிலே லைட்டு அணையுது ஆனா மோட்டார் நிக்க மாட்டேங்குது, ஓடிப்போயி மெயின இறக்கியிருக்காங்க. ரிலே மூடிய அறுத்துப் பாத்தா ரெண்டு காண்டாக்டும் உருகி ஒட்டிக் கெடக்கு, ஸ்க்ரூடிரைவர் நுனிய விட்டு நெம்புனதும் டிக்னு வந்துச்சு, வெள்ளி மேல கருப்பா ஒரு குழி.

"1 ஹெச்பின்னா 746 வாட் தானேண்ணே, ரிலே மேல 10 ஆம்ப் 250 வோல்ட்னு போட்டிருக்கே"ன்னு பையன் கேக்குறான். நியாயமான கேள்வி. ஆனா 746ங்கறது மோட்டார் வெளிய தர்றது, லைன்லேந்து இழுக்கறது அதுக்கு மேல, சிங்கிள் பேஸ்ல ஆறேழு ஆம்ப் வரும், கெளம்பற நேரத்துல அஞ்சாறு மடங்கு எகிறும். அந்த 10 ஆம்ப் ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி மாதிரி லோடுக்குப் போட்ட கணக்கு. அதனால 230 வோல்ட் காயில் வெச்ச கான்டாக்டர் (மோட்டார் மாதிரி லோடுக்குன்னே வர்ற பெரிய ரிலே) ஒண்ணு போட்டு, மோட்டார் கரண்ட் பூராவும் அது வழியா போற மாதிரி பண்ணி, சின்ன ரிலே கான்டாக்டர் காயில மட்டும் இழுக்கட்டும்னு விட்டேன். கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்க 100 ஓம் ரெசிஸ்டரும், மெயின்ஸுக்கு ஏத்த 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெபாசிட்டரும் ஒண்ணோட ஒண்ணு சீரியஸ்ல போட மறந்துடாதீங்க, இல்லன்னா கான்டாக்டர் விடும்போதெல்லாம் ஈஎஸ்பி ரீசெட் ஆகும், நீங்க கோட்ல தப்புன்னு தேடிட்டிருப்பீங்க.

லாஸ்பேட்டை லேப்:
அண்ணே நீங்க காண்டாக்ட் பக்கம் சொல்றீங்க, எங்க லேப்ல பசங்க காயில் பக்கத்துலயே விழுறாங்க. 5 வோல்ட் ரிலே காயில் சுமார் 70 ஓம், அப்போ 70 மில்லிஆம்ப். ஆர்டுயினோ ஊனோ போர்டு பின்னுக்கு 20 மில்லிஆம்ப்தான் வசதி, 40 உச்ச வரம்பு. நேரா மாட்டுனா ரெண்டு நாள் வேலை செய்யுதேன்னு வாதம் வேற! பின்னு மேஸ்திரி மாதிரிப்பா, அதப் போயி கல்லு தூக்க வெக்காத. ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், அதோட பேஸ் கால்ல 1கே ரெசிஸ்டர், காயிலுக்குக் குறுக்க 1என்4007 டயோடு ரிவர்ஸ்ல, அவ்ளோதான். டயோடு இல்லன்னா ஆஃப் ஆகறப்ப காயில் திருப்பி அடிக்கற வோல்டேஜ்ல டிரான்சிஸ்டர் போயிடும்.

இன்னொண்ணு, ரெடிமேட் ரிலே போர்டுல ஆப்டோ (வெளிச்சம் வழியா சிக்னல் கடத்தற சிப்) இருக்கு, அதனால ரெண்டு பக்கமும் ஒட்டாம ஐசோலேஷன் இருக்குன்னு நம்பிடறாங்க. போர்டு சப்ளையையும் ரிலே சப்ளையையும் சேத்து வெக்கற அந்த ஜேடி-விசிசி ஜம்பர் மாட்டியே இருந்தா ரெண்டு பக்கமும் ஒரே சப்ளைதான், ஆப்டோ சும்மா ஒக்காந்திருக்கு. ஜம்பர எடுத்துட்டு ரிலேவுக்குத் தனி சப்ளை, தனி கிரவுண்ட் குடுக்கணும்.

பரங்கிப்பேட்டை இறால்:
நம்ம கதை உப்புக்காத்து. இறால் குட்டைல ஏரேட்டர் (தண்ணில காத்து கலக்கற மெஷின்) ஓட்ட ரிலே போர்டு வெச்சோம், டப்பாவ சரியா மூடாம விட்டுட்டுப் போயிட்டாரு மாட்டுனவரு, கொஞ்ச நாள்ல சால்டர் எல்லாம் பச்சை பூத்து, பனி எறங்குற ராத்திரில 230 பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவுல சிர்ர்னு சத்தம், பொறி கண்ணுக்கே தெரியுது. இப்ப ரிலே காமன் காலுக்கு அடில பிசிபிய அறுத்து ஸ்லாட் விட்ட போர்டுதான் வாங்கறேன், மேல கோட்டிங் ஸ்ப்ரே, தூசி, தண்ணி புகாத ஐபி65 பாக்ஸ், வயர் எல்லாம் கீழ்ப்பக்கம் கிளாண்டு (வயர இறுக்கிப் பிடிச்சு ஓட்டைய மூடற மூடி) வழியா. எஸ்எஸ்ஆர் (காண்டாக்டே இல்லாத செமிகண்டக்டர் ரிலே) போடலாம்னாங்க, வேணாம்னுட்டேன், அது போனா பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் போகும், அப்புறம் ஆஃப்பே கெடையாது. அதோட கரண்ட் போயி வந்தா நோட்எம்சியூ (இதுவும் ஒரு வைஃபை போர்டு) டி3, டி4 பின்னுல மாட்டுன ரிலே பூட் ஆகற வரைக்கும் இஷ்டத்துக்குத் துள்ளும். டி1, டி2க்கு மாத்துனதுக்கப்புறம் அந்தத் தொல்லை இல்ல.

முதுநகர்:
ரிலேல நியூட்ரல கட் பண்ணா போதுமா? எலெக்ட்ரீஷியன் அப்படித்தான் குடுத்திருக்காரு.

மஞ்சக்குப்பம் ரிப்பேர் கடை:
ஐயோ வேணாம்ங்க. மோட்டார் நின்னுடும், ஆனா வயிண்டிங்ல பேஸ் அப்படியே நிக்கும், நின்னுடுச்சேன்னு கை வெச்சா முடிஞ்சுது. பேஸதான் கட் பண்ணணும். பழைய வீடுன்னா பேஸ் நியூட்ரல் மாறியிருக்கும், டெஸ்டர் வெச்சுப் பாத்துக்கங்க. தண்ணி மோட்டார்னா டபுள் போல் கான்டாக்டர் போட்டு ரெண்டையும் கட் பண்ற மாதிரி மாத்தச் சொல்லுங்க, முன்னாடி 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா தானா கட் பண்ற பிரேக்கர்) ஒண்ணு. அதுவரைக்கும் மோட்டார்ல கை வெக்கறதுக்கு முன்னாடி மெயின இறக்கிடுங்க.