சாம்பிளோடு போன அந்த விலைக் கடிதம்

பதினான்கு வருடமாகச் சிப் லேஅவுட் வரைகிறேன், அதாவது சுற்றின் பாகங்களும் இணைப்புகளும் சிலிக்கானில் எங்கே எப்படி அமைய வேண்டும் என்கிற படம்; சட்டத்தின் பக்கம் எட்டிப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரு வருடம் வரைந்த அனலாக் சிப்பின் லேஅவுட்டை அமெரிக்காவில் பதிவு செய்யலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்தபோது, படம் எடுத்துக் கொடுக்கிற ஆளாக நான் மாட்டினேன்.

பேட்டன்டா, காப்பிரைட்டா என்று முதல் வாரம் முழுக்கக் குழப்பம். இரண்டும் இல்லை. எங்கள் சுற்று பாடப்புத்தகத்தில் இருக்கிற ஆம்ப்ளிஃபையர்தான். உழைப்பெல்லாம் அதைச் சிலிக்கானில் அடுக்கிய விதத்தில் இருந்தது. அந்த அடுக்கலுக்கென்றே தனிச் சட்டம் உண்டு. அமெரிக்கா 1984-இல் மாஸ்க் ஒர்க் என்ற பெயரில் கொண்டுவந்தது, இந்தியாவில் 2000-இல் சட்டமானது, இரண்டிலும் பாதுகாப்பு பத்து வருடம்.

வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி, எப்போது விற்க ஆரம்பித்தீர்கள் என்பது. இன்னும் விற்கவே இல்லை மேடம், சாம்பிள்தான் கொடுத்திருக்கிறோம் என்றோம். சாம்பிளோடு வேறு என்ன போனது என்று கேட்டார். தேடினால், சிப் தயாரிக்கிற ஆலையான ஃபேபிலிருந்து முதல் சிப்புகள் வந்த கையோடு விற்பனைப் பிரிவு ஒரு வாடிக்கையாளருக்கு ‘ஒரு பீஸ் இன்ன விலை’ என்று கடிதம் அனுப்பியிருக்கிறது, அதுவும் 22 மாதத்துக்கு முன்பு! சிப் உருவான பிறகு எழுத்தில் விலை சொன்னாலே அமெரிக்காவில் அது வணிகப் பயன்பாட்டுக் கணக்கில் வரலாம், முதல் வணிகப் பயன்பாட்டிலிருந்து இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்காவிட்டால் உரிமை போச்சு. ஒரே ஒருவருக்குப் போன கடிதம்தானே என்று வாதாடிப் பார்க்கலாம், ஆனால் பழைய தேதியையே எடுத்துக்கொள்வோம் என்றார். மீதி இருந்தது இரண்டே மாதம்.

அப்புறம் லேயர் சண்டை. சிப்பின் ஒவ்வொரு அடுக்கும் ஒரு லேயர். ஒவ்வொரு லேயரையும் குறைந்தது 20 மடங்கு பெரிதாக்கிப் படமாகக் கொடுக்க வேண்டும். தொழில் ரகசியம் இருந்தால் ஐந்து லேயருக்கு இரண்டு வீதம் மறைத்துக்கொள்ளலாம். எந்த இரண்டு என்பதில் எங்களுக்குள் மூன்று நாள் பேச்சுவார்த்தை நின்றுபோனது, நான் மெட்டல் லேயரை மறைக்கச் சொன்னேன், தோற்றேன். சிப்பின் ஓரத்தில் வெளி இணைப்புகள் இருக்கிற பேட் ரிங், ஃபேப் தருகிற ஆயத்த லைப்ரரியிலிருந்து எடுத்தது, அதனால் அது எங்கள் உரிமைக்குள் வராது என்று தனியாக எழுதிக்கொடுத்தோம். இதைவிடப் பெரிய தலைவலி, வரைந்த மூவரில் ஒருவர் ஒப்பந்தக்காரர். நிரந்தர ஊழியர் வரைந்தது நிறுவனத்துக்குச் சொந்தம், ஒப்பந்தக்காரர் வரைந்த பிளாக், அதாவது சிப்பின் அந்தப் பகுதி, அவருக்கே சொந்தம், எழுதி வாங்கினால் ஒழிய. மனிதர் நல்லவர், இரண்டே நாளில் கையெழுத்துப் போட்டார். கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் முன்னால் விண்ணப்பம் போனது.

* * *

மேலே பேசியவர் வரைகிறவர், நான் இதற்கு எதிர்ப்பக்கம், அடுத்தவர் சிப்பைப் பிரித்துப் பார்க்கிற வேலை. ஆசிட்டில் மூடியைக் கரைத்து, லேயர் லேயராகத் தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் படம் எடுப்போம். திருட்டு என்று நினைக்காதீர்கள், பிரித்துப் படித்துவிட்டுச் சொந்தமாக வேறு லேஅவுட் வரைவதைச் சட்டமே அனுமதிக்கிறது. ஆனால் சொந்தமாக வரைந்தோம் என்று காட்டக் காகிதம் வேண்டும்.

சரி, காகிதம் இருந்தால் தப்பித்துவிடலாமா என்றால் அதுவும் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு எங்கள் மேனேஜர் முதல் நாளே புரூக்ட்ரீ – ஏஎம்டி வழக்கைச் சொல்லிவிடுவார், தன் சிப்பைக் காப்பியடித்ததாக ஏஎம்டி மேல் புரூக்ட்ரீ என்ற சிப் நிறுவனம் போட்டது. ஏஎம்டி இரண்டு வருடத்துக்கும் மேலாக உழைத்ததற்குக் கட்டுக்கட்டாக ஆவணம் காட்டியது. அந்த ஆவணத்திலேயே கதை வெளிவந்துவிட்டது: நினைவகச் செல் ஒன்றுக்கு முதலில் ஆறு டிரான்சிஸ்டர், பிறகு எட்டு, கடைசியில் புரூக்ட்ரீயின் சிப்பை மறுபடி பார்த்து அதில் பத்து இருக்கிறது என்று தெரிந்ததும் சட்டென்று பத்துக்கு மாறியிருக்கிறார்கள். ஜூரி காப்பி என்றது, சுமார் 2.5 கோடி டாலர் இழப்பீடு, 1992-இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. அதனால் எங்களிடம் படம் பார்க்கிறவர் வரையக் கூடாது, வரைகிறவர் படம் பார்க்கக் கூடாது. ஒரு முறை ஜூனியர் பையன் ஒருவன் பக்கத்து மானிட்டரில் இருந்த படத்தைப் பார்த்து ஒரு மூலையை அப்படியே வரைந்துவிட்டான், லேஅவுட்டைச் சரிபார்க்கிற டிஆர்சி, எல்விஎஸ் சோதனைகள் எல்லாம் கிளீன். அந்தப் பிளாக் முழுவதையும் அழித்து வேறொருவரை வைத்து வரைந்தோம், ஆறு வாரம் தாமதம், பையனுக்கு அழுகை.

* * *

நான் மூன்றாவது ஆள், சிப்பை வாங்குகிற பக்கம். போர்டில் போட்ட ஒரு சிப் காப்பி லேஅவுட் என்று உரிமையாளரிடமிருந்து நோட்டீஸ் வந்தது. தெரியாமல் வாங்கியிருந்தால் அதுவரை செய்தது மீறல் ஆகாது, உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்து ஒப்பந்தமான டிரிப்ஸிலேயே இருக்கிறது. நோட்டீஸுக்குப் பிறகும் கையிருப்பையும் ஏற்கனவே ஆர்டர் போட்டதையும் பயன்படுத்தலாம், நியாயமான ராயல்டி கட்ட வேண்டும். எங்களிடம் மூன்று ஆர்டர். முதல் இரண்டும் பழையவை, பிரச்சினை இல்லை. மூன்றாவது ஆர்டரும் நோட்டீஸும் ஒரே நாள் மதியம். தபால் பிரிவின் முத்திரையில் தேதி இருந்தது, மணி இல்லை. கடைசியில் அந்த மூன்றாவதை ரத்து செய்துவிட்டு, மற்ற இரண்டுக்கும் ராயல்டி பேசி முடித்தோம்.