கறுப்பு அக்சியோவுக்கு எந்தப் பொலிஷ், எந்தப் பாட்? கனடாவில இருந்து சாமான் வருகுது

கொக்குவில் அக்சியோ:

எல்லாருக்கும் வணக்கம். என்னட்ட இருக்கிறது 2013 கொரோலா அக்சியோ, கறுப்பு. தகட்டில கலர் கோட் 209 எண்டு கிடக்கு. இஞ்ச வந்தாப் பிறகு முன் பம்பரும் இடப்பக்க மட்காட்டும் திருப்பிப் பெயின்ற் அடிச்சது எண்டு வித்தவரே சொன்னவர். போன வருசம் ஒரு சேர்விஸ் ஸ்ரேஷனில கட் அண்ட் பொலிஷுக்கு விட்டனான். எடுத்த அண்டைக்கு நல்ல மினுக்கம். ரெண்டு மூண்டு தரம் கழுவ, பழைய கீறல் எல்லாம் திரும்பி வந்திட்டுது. அது காணாதெண்டு, வெய்யிலில பாத்தா பொனற் முழுக்க மெசின் ஓடின தடம் வளைஞ்சு வளைஞ்சு தெரியுது.

இனி நானே செய்யிறது எண்டு முடிவெடுத்திட்டன். சித்தப்பா ரொறன்ரோவில இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வாறார், பெட்டியில கொஞ்சம் இடம் இருக்காம். என்ன சொல்லி விடுறது? யூரியூப்பில ஒவ்வொருத்தர் ஒவ்வொரு போத்தலைத் தூக்கிக் காட்டினம். கீறலைத் தேய்ச்செடுக்கிற கட்டிங் கொம்பவுண்டும் வேணுமோ, மினுக்கம் ஏத்துற பினிஷிங் பொலிஷ் மட்டும் காணுமோ? மெசினில பூட்டித் தேய்க்கிற ஃபோம் பாட்டில செம்மஞ்சள், வெள்ளை, மஞ்சள், கறுப்பு எண்டு கிடக்கு, எது எதுக்கு? மெசினும் அங்க மலிவு எண்டினம், அதையும் எடுக்கச் சொல்லவோ?

கராஜ் இல்லை, கார் நிக்கிறது மாமரத்துக்குக் கீழ. கழுவுறது கிணத்துத் தண்ணியில.

வல்லைவெளி:

மெசின் மட்டும் வேண்டாம். கனடாவில 120 வோல்ற், எங்கட 230. அப்பிடியே சொருகினா மோட்டர் எரிஞ்சு போகும். ட்ரான்ஸ்போமர் வைக்கலாம், ஆனா 700, 800 வற் இழுக்கிற மெசினுக்கு ஏத்தது சரியான பாரம், விலையும் கூட. கொழும்பில எடுங்கோ. லண்டன் ஆக்கள் ஆரும் வந்தா அவையிட்டச் சொல்லலாம், அங்கயும் 230 தான்.

பொலிஷ் போத்தல் 100 மில்லிக்கு மேல எண்டா கைப்பையில விடாயினம். பெரிய பெட்டியில போட்டு, மூடியைச் சுத்தி டேப் ஒட்டி, பொலித்தீன் பையில கட்டச் சொல்லுங்கோ.

திருநெல்வேலி பட்டறை:

தம்பி, எனக்கு இதுதான் தொழில், அதால நீட்டித்தான் எழுதப் போறன்.

209 எண்டால் மைக்காக் கறுப்பு, மேல கிளியர் கோட் எண்ட நிறமில்லாத படை இருக்கு. ரொயோட்டாவின்ர கறுப்பு மெதுவான பெயின்ற். காஞ்ச துணியால அழுத்தித் துடைச்சாலே கீறல் விழும். ஆனா கெதியா விழுற கீறல் கெதியாப் போகவும் செய்யும், ஆனபடியால் உங்களுக்குப் பாரமான கொம்பவுண்ட் தேவைப்படாது. பொனற்றில நீங்கள் பாக்கிற வளைஞ்ச தடத்தை ஹோலோகிராம் எண்டுவம். ஒரே அச்சில சுத்துற ரோட்டரி மெசினில கம்பளிப் பாட் பூட்டி, கட்டிங் கொம்பவுண்ட் ஓட்டிப்போட்டு, அதுக்கு அடுத்த பினிஷிங் வேலையைச் செய்யாம மேல கிளேஸ் பூசிக் குடுத்தால் இப்பிடித்தான் வரும். கிளேஸில இருக்கிற எண்ணெய் கீறலுக்குள்ள இறங்கி மறைச்சு நிக்கும். ஷாம்பு பட்டு அது கழண்டு போக, கீழ இருந்தது எல்லாம் வெளிக்கும்.

இனிப் போத்தல் கதை. எல்லாரும் போத்தலைத்தான் முதல் கேக்கினம். நான் பாட்டைத்தான் முதல் தீர்மானிக்கச் சொல்லுவன். மெகுவையர்ஸ் எம் 205 எண்ட ஒரே பொலிஷை இறுக்கமான ஃபோம் பாட்டில போட்டால் நல்லாவே வெட்டும், அதாவது கீறலைத் தேய்ச்செடுக்கும். அதையே மெத்தெண்ட பினிஷிங் பாட்டில போட்டால் கீறலைப் பெரிசாத் தொடாது, மினுக்கம் மட்டும் ஏறும். ஒரு போத்தலை வைச்சுக்கொண்டு பாட்டை மாத்தி மாத்தியே உங்கட காரில முக்கால்வாசி வேலையை முடிக்கலாம். போத்தல் அஞ்சு வாங்கி பாட் ஒண்டு வாங்கிற ஆக்களைக் கண்டால் எனக்கு உண்மையில கவலையா இருக்கும்.

நிறத்தை நம்பி பாட் எடுக்க வேண்டாம். ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒவ்வொரு கணக்கு. லேக் கன்ரியில மஞ்சள் நல்லா வெட்டுற பாட், ரூபெஸில மஞ்சள் பினிஷிங்குக்கு. வெள்ளையும் அப்பிடித்தான், லேக் கன்ரியில நடுத்தரம், ரூபெஸில ஆக மெல்லிசு. பெட்டியில என்ன வேலைக்கு எண்டு எழுதியிருக்கு எண்டதைப் பாத்து எடுக்கச் சொல்லுங்கோ.

சித்தப்பாவிட்ட இப்பிடிச் சொல்லுங்கோ: எம் 205, 8 அவுன்ஸ் சின்னப் போத்தல் காணும். மெகுவையர்ஸ் அல்ரிமேட் கொம்பவுண்ட் ஒண்டு, எம் 205 எடுக்காத இடத்துக்கு மட்டும். லேக் கன்ரி வெள்ளை நாலு, கறுப்பு மூண்டு, செம்மஞ்சள் ரெண்டு, எல்லாம் அஞ்சரை அங்குலம், மெசினில பாட் ஒட்டுற 5 அங்குலத் தட்டுப் பூட்டுவியள் எண்ட கணக்கில. தடிச்ச பாட் வேண்டாம், சுத்திக்கொண்டே அசையிற டுவல் அக்சன் மெசினில மெல்லிய பாட்தான் நிக்காமச் சுத்தும். பாட்டில காசு மிச்சம் பிடிக்காதேங்கோ. ஒரே பாட்டில முழுக் காரையும் ஓட்டினா ஃபோம் பொலிஷில ஊறி, நடுவில சூடேறி, பின்னால வெல்க்ரோ ஒட்டினது விட்டுப் போகும். மென்சேர்னா 3500ம் கறுப்புக்கு அருமையான பினிஷ் தரும், எம் 205 கிடைக்காட்டி அதை எடுங்கோ. மைக்ரோபைபர் பாட் உங்களுக்கு வேண்டாம். நல்லா வெட்டும், ஆனா இந்த மெதுவான கறுப்பில ஒரு மங்கலை விட்டிட்டுப் போகும், பிறகு அதை எடுக்க இன்னொரு தரம் ஓட வேணும்.

இப்ப நான் ஆகலும் அக்கறையாச் சொல்ல வாற விசயம். கொம்பனியில அடிச்ச கிளியர் கோட் எண்டது ஏறக்குறைய 35 இல இருந்து 50 மைக்ரோன். ஏ4 தாள் ஒண்டின்ர பாதித் தடிப்பும் இல்லை. உங்கட காரில ஒருக்கா அதைக் கம்பளியால தேய்ச்சாச்சு. வெய்யிலைத் தாங்கிறது அந்தக் கிளியர்தான். அதை மெல்லிசாக்கினால் இஞ்சத்தைய வெய்யிலுக்கு ரூஃபும் பொனற்றும் வெளிறி, பிறகு செதில் செதிலாக் கழரும். கழண்டாப் பிறகு பொலிஷ் ஒண்டும் செய்யாது, திருப்பி அடிக்கத்தான் வேணும். அதால நூறு வீதம் கீறல் போக வேணும் எண்டு நிக்காதேங்கோ. நகத்தில தட்டுப்படுற கீறலை அப்பிடியே விடுங்கோ.

சோதிச்சுப் பாக்காம வேலை தொடங்கக் கூடாது. டிக்கி மூடியில ஒண்டரை அடிக்கு ஒண்டரை அடி டேப் ஒட்டிப் பிரியுங்கோ. வெள்ளைப் பாட், எம் 205, கடலை அளவில நாலு பொட்டு. முதல் குறைஞ்ச வேகத்தில பரப்பிப்போட்டு, பிறகு வேகத்தை 4 அல்லது 5ல வைச்சு, செக்கனுக்கு ஒரு அங்குலம் போல மெல்ல நகத்துங்கோ. ஒரு ஓட்டத்தில பாதியை மற்ற ஓட்டம் மூட வேணும். குறுக்காலயும் நெடுக்காலயும் நாலு தரம் போனாக் காணும். மெசின்ர பாரம் போதும், மேல ஏறி அழுத்தினா பாட் சுத்தாம அதிர மட்டும் செய்யும். தட்டின்ர ஓரத்தில மார்க்கரால ஒரு கோடு போட்டால் சுத்துதோ எண்டு கண்ணால காணலாம். பிறகு பார்மசியில வாங்கின 70 வீத ஐசோபுறோபைல் அல்ககோலைப் பாதிக்குப் பாதி தண்ணி கலந்து விசிறி, நல்ல மெத்தெண்ட துவாயால அழுத்தாமல் துடையுங்கோ. எண்ணெய் போனாத்தான் உண்மை தெரியும். ரியூப் லைற் வெளிச்சம் எல்லாத்தையும் மறைக்கும், போன் டோர்ச்சைப் பிடிச்சுப் பாருங்கோ. திருப்தி எண்டால் முழுக் காரும் அப்பிடியே, பிறகு கறுப்புப் பாட்டால ஒருக்கா. காணாட்டி முதல் பாட்டைச் செம்மஞ்சளுக்கு மாத்துங்கோ, அதுக்கும் போகாட்டித்தான் அல்ரிமேட் கொம்பவுண்ட்.

மாமரத்துக்குக் கீழ செய்ய ஏலாது. பாலும் பூச்சியும் விழும். திருவிழா நேரம் சோழகக் காத்து அடிச்சுக்கொண்டு நிக்கும், செம்மண் தூசி ஒண்டு பாட்டுக்குள்ள அகப்பட்டால் நீங்களே புதுக் கீறல் போடுவியள். ஆரின்ரயும் போட்டிக்கோவை ஒரு நாளைக்குக் கேளுங்கோ. விடியக் காலமை தொடங்குங்கோ, தகரத்தில புறங்கையை வைச்சால் குளிர்மையா இருக்க வேணும். சுட்ட தகரத்தில பொலிஷ் ஓட முதலே காஞ்சு மாவாப் பறக்கும். கொம்பவுண்ட் கூடாது எண்டு சனம் போத்தலைப் பேசும், உண்மையில அது வெய்யில்ர வேலை.

சுன்னாகம் ஸ்ப்ரே:

மேல எழுதினவர் சரியாத்தான் எழுதியிருக்கிறார். நான் பெயின்ற் அடிக்கிற பக்கத்தில இருந்து கொஞ்சம் சொல்லுறன், கேளும் தம்பி.

திருப்பி அடிச்ச மட்காட்டை மற்றப் பக்கம் மாதிரி நினையாதையும். இஞ்சத்தைய பட்டறைக் கிளியர் ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரிக் காயும், சிலது சரியான இறுக்கம், சிலது விரலில ஒட்டுற மாதிரி மெதுமை. அதுக்கெண்டு தனியா ஒரு சோதினை போட்டுப் பாரும். தடிப்பு அளக்கிற மீற்றர் ஆரிட்டயும் இருந்தால் வாங்கி வையும். கொம்பனிப் பெயின்ற் மொத்தமா 100, 120 மைக்ரோன் காட்டும், திருப்பி அடிச்சது 200க்கு மேல போகும், ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளுக்கை ஒடுக்கு நிரப்பின புட்டி கிடக்கு. அது எல்லாப் படையையும் சேத்துத்தான் காட்டும், கிளியரைத் தனியாக் காட்டாது. பம்பர் பிளாஸ்டிக், அந்த மீற்றர் அதில வேலை செய்யாது.

விளிம்புகளுக்கு மஸ்கிங் டேப் ஒட்டும். பொனற் நுனி, கதவு மடிப்பு, மட்காட் வளைவு, இந்த இடங்களில பெயின்ற் எப்பவும் மெல்லிசு. கறுப்பு ரப்பரையும் மூடும், வெள்ளைப் பொலிஷ் அதில காஞ்சால் லேசில போகாது.

ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் மாதிரிப் பழைய கார் வைச்சிருக்கிற ஆக்களும் இதை வாசிப்பியள். பழைய பெயின்ற் எண்டால் கிளியர் இல்லை, பாட்டில நிறமே வரும். அது பிழை இல்லை. ஆனா பொலிஷ் தேய்க்கிறது நேரா நிறத்தைத்தான், கீழ பிறைமர் தெரியத் தொடங்கினால் அதோட சரி. உவைக்கு மெத்தெண்ட பாட்டும் பொறுமையும்தான்.

கொக்குவில் அக்சியோ:

அண்ணையாக்கள் ரெண்டு பேருக்கும், வல்லைவெளிக்கும் நன்றி. லிஸ்ற் சித்தப்பாவுக்கு அனுப்பீற்றன், மெசின் கொழும்பில பாக்கிறன். இன்னும் ரெண்டு கேள்வி. கதவுகளில வெள்ளை வெள்ளையா வட்டமா தண்ணிப் பொட்டு இருக்கு, அதுவும் பொலிஷில போகுமோ? பாட்டைக் கழுவித் திருப்பிப் பாவிக்கலாமோ?

திருநெல்வேலி பட்டறை:

பொட்டு எங்கட கிணத்துத் தண்ணியின்ர சுண்ணாம்பு. கீழ முழுக்கச் சுண்ணாம்புக் கல்லெல்லோ. புதுசு எண்டால் வினாகிரியைப் பாதிக்குப் பாதி தண்ணியில கலந்து, நிழலில, துணியை நனைச்சு ஒரு நிமிசம் வைச்சு எடுங்கோ, கரையும். பிறகு நல்லாக் கழுவ வேணும். கரைஞ்ச பிறகும் வட்டம் தெரிஞ்சால் அது கிளியரையே அரிச்சிருக்கு, அதுக்குத்தான் பொலிஷ். இனிப் பின்னேரத்தில கழுவி, தண்ணி தானாக் காய முதல் துவாயால ஒத்தி எடுங்கோ.

ஷாம்பு போட்டுக் கழுவின பிறகு பெயின்ற்றில ஒட்டின அழுக்கை எடுக்கிற களித்துண்டு, கிளே பார், ஒருக்கா இழுக்காமல் மெசினைத் தொடாதேங்கோ. ஷாம்பு தண்ணி தாராளமா விட்டு இழுங்கோ. கிளே நிலத்தில விழுந்தால் அந்தத் துண்டை எறிஞ்சு போடுங்கோ, செம்மண் ஒட்டினது கழுவினாலும் போகாது.

பாட் கழுவலாம், கனகாலம் பாவிக்கலாம். ஒவ்வொரு பகுதி முடியேக்கயும் மெத்தெண்ட பிரஷ்ஷால பாட்டைத் தட்டி எடுங்கோ. வேலை முடிஞ்ச உடனேயே, பொலிஷ் காய விடாமல், கொஞ்சம் சட்டி கழுவுற சோப்புத் தண்ணியில அமத்தி அமத்திக் கழுவுங்கோ, முறுக்க வேண்டாம். வெல்க்ரோப் பக்கம் மேல இருக்க நிழலில காய வையுங்கோ. வெய்யிலில போட்டால் ஃபோமும் பிய்யும், ஒட்டினதும் விடும்.