மறு: பெரும்பணம் தருவதாக வரும் அஞ்சலுக்கு என்ன சொல்?

> கடவுச்சொல்லைத் திருட வரும் அஞ்சல், பெரும்பணம் தருவதாக வரும் அஞ்சல் இரண்டுமே ஏமாற்று அஞ்சல்தானே அண்ணா, ‘மின்தூண்டில்’ (phishing) என்ற சொல் ஒன்றே போதாதா?

போதாது தம்பி. இங்கே டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு வரும் பெரியவர்களுக்காகத் துண்டறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் இது இடித்தது. மின்தூண்டிலில் வங்கியின் பக்கம் போலவே ஒன்றைக் காட்டிக் கடவுச்சொல்லைப் பறிக்கிறார்கள்; பணம் நமக்குத் தெரியாமல் போகிறது. பரிசு விழுந்திருக்கிறது, செத்துப்போன தளபதியின் சொத்து முடங்கிக் கிடக்கிறது என்று வருவதில் நாமே வரிசையில் நின்று பணத்தைக் கட்டுகிறோம். ஒரே சொல்லை வைத்தால், கடவுச்சொல்லைத்தான் யாருக்கும் தரவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

நைஜீரியக் குற்றவியல் சட்டப் பிரிவை வைத்து உலகம் இதை ‘419’ என்கிறது. அது நமக்கு வேண்டாம். 19ஆம் நூற்றாண்டிலேயே ‘ஸ்பானியக் கைதி’ கடிதம் என்று, சிறையில் கிடக்கும் பணக்காரரை மீட்கப் பணம் கொடுத்தால் பெரும்பங்கு தருவதாகச் சொல்லும் இதே வித்தை தபாலில் சுற்றியிருக்கிறது. 2010 உலகக் கோப்பைச் சமயத்தில் எங்கள் தென்னாப்பிரிக்கப் பெயரிலேயே பரிசுச்சீட்டு அஞ்சல்கள் பறந்தன. எந்த நாட்டின் தலையில் கட்டுவது?

சென்ற மடலில் இதற்குப் பெயராக வந்த ‘பேராசை வலை’யும் எனக்கு ஒப்பவில்லை. பணத்தைப் பறிகொடுத்தவரைப் பார்த்துப் பேராசைக்காரர் என்றால், அவர் போலீசுக்கா போவார்? வீட்டிலேயே வாய் திறக்கமாட்டார்.

‘முன்பண மோசடி’ பரவாயில்லை. ஆனால் வாடகை வீட்டுக்குக் கொடுக்கும் முன்பணம் நியாயமானது, காலி செய்யும்போது திரும்பியும் வரும். அதனால் என் பரிந்துரை முன்கட்டண மோசடி.

துண்டறிக்கைக்கு நான் போட்டிருக்கும் மாதிரி அஞ்சலைப் பாருங்கள். அனுப்புநர் இடத்தில் வரித்துறையின் பெயர்; பதில் எழுதப்போனால் ஜிமெயில் முகவரி. பெயர் சொல்லாமல் ‘அன்புள்ள பயனாளியே’. 80 லட்சம் ராண்ட் தயார், விடுவிப்புச் சான்றிதழுக்கு மட்டும் 3,500 ராண்ட், 48 மணி நேரத்துக்குள், யாரிடமும் சொல்லக்கூடாது. பெயரும் தொகையும் அஞ்சலுக்கு அஞ்சல் மாறும், அந்தக் கட்டணம் மட்டும் ஏதாவது ஒரு பெயரில் வந்தே தீரும். கட்டினால் அடுத்தது முத்திரைக் கட்டணம், அப்புறம் வக்கீல் கட்டணம். தமிழ்நாட்டில் புதையல் எடுக்கப் பூசைச் செலவு கேட்பவன் கதைதான்.

> அஞ்சலுக்கே தனிப்பெயர் வேண்டாமா?

‘புதையல் அஞ்சல்’ என்று வைக்கலாம் என்று அக்கா ஒருவர் சொன்னார். பேச்சுக்கு நன்றாக இருக்கிறது, சொல்லடைவில் சேர்க்க எனக்குத் தயக்கம். துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.