மறுமொழி: உலோகச் செசியின் 'பினிஷ்' – 'மேனி' என்று வைக்கலாமா?

வணக்கம்.

பழைய ஒலிக்கருவிகளைத் திருத்துகிற நம் குழுமத்தில் 'பினிஷ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இழை நீண்டுகொண்டே போகிறது, ஆகவே என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய அம்ப்ளிபயர், டேப் ரெக்கோடர், டேர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) போன்றவற்றின் உலோக உடலில், அதாவது செசியில், இருக்கும் 'பினிஷ்' என்பதற்கு மேனி என்ற ஒரு சொல் போதும். அதைத் தொழிற்சாலையை விட்டு வந்த கோலத்துக்கே திரும்பக் கொண்டுவந்தால் மேனிமீட்பு. நம் விருப்பத்துக்கு வேறு நிறம் அடித்தால் மேனிமாற்று. உடலில் அச்சிட்டோ செதுக்கியோ இருக்கும் எழுத்து முகப்பெழுத்து, அதற்கும் மீட்பு வேறு மாற்று வேறு. இவ்வளவையும் 'மறுவண்ணமிடல்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு அடைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

> மேற்பரப்பு முடிப்பு என்றே வைத்துக்கொள்வோமே. பொறியியல் படித்தவர்களுக்கு உடனே விளங்கும்.

ஐயா, விளங்கும்தான். ஆனால் வாயில் நிற்காத சொல் கடைத்தெருவுக்குப் போகாது. பழைய சோனகத் தெருவில் பெயிண்ட் வாங்குகிறவரும் பஞ்சிகாவத்தையில் ஸ்ப்ரே அடிக்கிறவரும் சொல்லக்கூடிய சொல்லாக இருக்கவேண்டும். அதோடு 'முடிப்பு' என்றால் வேலையை முடிப்பது. நாம் பெயர் தேடுவது வேலை முடிந்தபிறகு அந்தத் தகட்டில் நிற்கிற பொருளுக்கு: நிறம், மினுக்கம், சொரசொரப்பு எல்லாம் சேர்ந்த ஒன்றுக்கு. மேனி என்ற சொல்லில் உடம்பும் இருக்கிறது, நிறமும் இருக்கிறது, அழகும் இருக்கிறது. பசப்பு, அதாவது பிரிவால் வரும் நிறமாற்றம், ஊர்வதாகக் குறள் (1182) சொல்வதும் மேனிமேல்தான். உயிருள்ள உடம்புக்கு மட்டுமே பொருந்தும் சொல் என்று அக்கா எழுதியிருந்தீர்கள். ஆனால் கோயில் சிலையைத் 'திருமேனி' என்கிறோம், அது கல்லோ ஐம்பொன்னோ.

இன்னொரு வசதியும் உண்டு. இந்தக் குழுமத்தில் பாதிப் பேர் அக்கரை (தமிழ்நாடு), பாதிப் பேர் இக்கரை (இலங்கை). கப்பாசிற்றர், ட்ரான்ஸ்போமர், அம்ப்ளிபயர் மூன்றையும் நாங்கள் பள்ளியில் கொள்ளளவி, நிலைமாற்றி, விரியலாக்கி என்று படித்தோம், நீங்கள் மின்தேக்கி, மின்மாற்றி, பெருக்கி என்று படித்தீர்கள், ஒவ்வொரு இழையிலும் பாதி நேரம் அதிலேயே போகிறது. மேனியில் அந்தத் தகராறு இல்லை.

> 'புதுப்பித்தல்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

தம்பி, கொழும்பில் 'புதுப்பித்தல்' என்றால் லைசன்ஸ், காப்புறுதி, விசா. அதைவிட முக்கியமான காரணம், புதுப்பித்தலில் உள்ளே வால்வு (பழைய கருவிகளின் கண்ணாடிக் குழாய்) மாற்றியதும் அடங்கும், வெளியே பெயிண்ட் அடித்ததும் அடங்கும். விற்கிறவர்கள் இந்த மயக்கத்தைத்தான் பாவிக்கிறார்கள். 'ரீகண்டிஷன்' என்று சொல்லி விற்கப்படும் பழைய அம்ப்ளிபயரைக் கழற்றினால் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ஐம்பது வருடப் பழைய எலெக்ட்ரோலிட்டிக் கொள்ளளவி அப்படியே வீங்கி நிற்கும். 'மேனிமீட்பு செய்தது, உட்பாகம் கை வைக்கவில்லை' என்று ஒரு வரி எழுதக்கூடிய சொல் இருந்தால் வாங்குகிறவருக்கு எவ்வளவு நல்லது.

இனி முகப்பெழுத்து. இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாக இருப்பேன், ஏனென்றால் இது அழகு பற்றிய விஷயம் மட்டும் இல்லை. இங்கே மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய வால்வு அம்ப்ளிபயர்களின் பின்பக்கத்தில் 117 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று இருக்கும். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்தவற்றில் 100 வோல்ட். யாரோ ஒருவர் நிலைமாற்றியை மாற்றி 230க்கு ஆக்கியிருப்பார், பிறகு இன்னொருவர் பெயிண்டைச் சுரண்டி, பழைய படத்தைப் பார்த்து, அச்சுப் பிசகாமல் '117' என்றே திரும்ப எழுதிவைப்பார். எழுத்து அசல், தகவல் பொய். மறுபுறமும் நடக்கும்: உள்ளே 100 வோல்ட்டாகவே இருக்க, பின்பக்கத்தில் புதிதாக 230 என்று ஸ்டிக்கர். அதை நம்பிச் செருகினால் புகைதான். ஆகவே அசல் எழுத்தை அப்படியே கொண்டுவருவது முகப்பெழுத்து மீட்பு, கருவியின் இன்றைய நிலைக்கேற்ப எழுத்தைத் திருத்துவது முகப்பெழுத்து மாற்று. வோல்ட், பியூஸ் அளவு, ஸ்பீக்கர் ஓம், புவித்தொடுப்பு (ஏர்த்) ஆகிய இடங்களில் மாற்றுத்தான் சரி, மீட்பு பிழை. 'வொலியூம்', 'பாஸ்', கம்பனிப் பெயர் போன்றவற்றில் மீட்பு. இந்த வித்தியாசத்தைச் சொல்லிலேயே வைத்துவிட்டால் வேலை செய்கிறவர் ஒருமுறையாவது நின்று யோசிப்பார்.

புவித்தொடுப்பு என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். வால்வு அம்ப்ளிபயரில் செசி வெறும் பெட்டி இல்லை, மின்சுற்றின் ஒரு பகுதி. ஒரு செசியைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள்: நிலைமாற்றிக்குப் பக்கத்தில் ஒரு போல்ட், அதில் நட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே பல்லுப்பல்லான வொஷர், அதன் மேலே கம்பி பற்றவைத்த ஒரு சிறிய காது. அந்தப் பல் வெறும் உலோகத்தைக் கடித்துப் பிடிப்பதால்தான் தொடர்பு இருக்கிறது. சுற்றிவர பெயிண்ட் இருந்தாலும் போல்ட்டின் அடியில் காசளவு வட்டம் உலோகமாகவே விடப்பட்டிருக்கும். ஸ்ப்ரே அடிக்கிறவர் அது பெயிண்ட் போன இடம் என்று நினைத்து அதையும் சேர்த்து வடிவாக அடித்துவிட்டால், பிறகு ஹம் சத்தம், அதைவிட மோசமாக உடலில் மின்சாரம். இந்த வட்டத்துக்கு 'தொடுவட்டம்' என்று வைக்கலாமா? 'மாஸ்க் செய்யவேண்டிய ஏர்த் பொயின்ட்' என்று ஒவ்வொருமுறையும் எழுதுவதைவிட 'தொடுவட்டங்களை மூடிவிட்டு அடிக்கவும்' என்றால் போதுமே. தனித்தகடுகளைச் சேர்த்துச் செய்த பெட்டிகளில் தகடும் தகடும் சேரும் விளிம்புக்கும் இதே விதிதான்.

அடுத்து மேனியின் வகைகள். ஆங்கிலத்தில் 'ஹமர்' என்று தொடங்கும் அந்தப் பெயிண்டுக்கு 'சுத்தியல் வண்ணம்' என்று ஒரு பரிந்துரை வந்தது. அதில் சுத்தியலுக்கு வேலையே இல்லை. பெயிண்டுக்குள் இருக்கும் அலுமினியத் துகளும் சிறிதளவு சிலிக்கோன் எண்ணெயும் காயும்போது மேற்பரப்பை இழுத்துக் குழிகுழியாக ஆக்குகின்றன, அடித்துச் செய்த பித்தளைச் செம்பைப்போல. நான் 'குழிமேனி' என்பேன். கராட் 301 டேர்ன்டேபிள் 1954இல் வந்தபோது சாம்பல்நிறக் குழிமேனியோடுதான் வந்தது, பிறகுதான் கிறீம் நிறத்துக்கு மாறியது, 1965இல் அடுத்த மாடலான 401 வந்தது. சாம்பல்நிறத்தைத் தேடுகிறவர்கள் இன்றும் உண்டு என்பதால் 'குழிமேனி கராட்' என்ற பேச்சுக்கு இடம் இருக்கிறது. குழிமேனியில் ஒரு மூலை மட்டும் பெயிண்ட் போயிருந்தால் அந்த மூலையை மட்டும் தொட்டு அடித்துச் சரிக்கட்ட முடியாது. குழியின் அளவு பூச்சின் தடிப்பைப் பொறுத்தது, புதுக்குழியும் பழைய குழியும் ஒட்டாது, தூரத்தில் நின்றாலே தெரியும். ஒன்றில் முழுத்தகட்டையும் அடிக்கவேண்டும், அல்லது விட்டுவிடவேண்டும். என்னைக் கேட்டால் அரைவாசிக்குமேல் நல்லாக இருக்கும் மேனியை விட்டுவிடுவதே மரியாதை.

சூட்டில் வைத்துச் சுருங்கவிடும் மேனிக்குச் 'சுருக்கமேனி' என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை என்று நினைக்கிறேன். அனடைஸ் செய்த அலுமினியத்துக்கு மட்டும் 'பூச்சு' என்ற சொல்லையே பாவிக்கவேண்டாம். அது மேலே பூசியது இல்லை, அலுமினியத்தின் மேல்தோலே ஒட்சைட்டாக மாறி நிற்பது. 'பூச்சு' என்று எழுதினால் படிக்கிறவர் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பப் பூசலாம் என்று நினைப்பார். எழுபதுகளின் ஜப்பான் ரிசீவர்களின் (வானொலியும் அம்ப்ளிபயரும் சேர்ந்த பெட்டிகளின்) வெள்ளிமுகப்பை அடுப்பு துடைக்கும் காரமான திரவத்தால் துடைத்தால் அந்தத் தோல் கரைந்து திட்டுத்திட்டாக வெளிறிவிடும், பிறகு வீட்டில் வைத்து ஒன்றும் செய்யமுடியாது. 'தோல்மேனி' என்று சொல்லலாம், இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

முலாம் பூசிய செசிகளுக்கு ஒரு எச்சரிக்கையைச் சொல்லோடு சேர்த்தே பரப்பவேண்டும். பழைய உருக்குச் செசிகளில் கனக்க கட்மிய முலாம் பூசியவை, பார்வைக்கு நாகமுலாம் (துத்தநாக முலாம்) போலவே இருக்கும். அதைச் சாண்ட் பேப்பரால் தேய்த்தால் வரும் தூள் நஞ்சு. பழைய பெயிண்டில் ஈயமும் இருக்கும். உலர்த்தேய்ப்பு வேண்டாம், ஈரத்தேய்ப்பும் முகமூடியும் பெயிண்டுக்கு மட்டும், கட்மியம் என்று சந்தேகம் வந்தால் தேய்க்கவே வேண்டாம், துடைத்துவிட்டு அப்படியே விடுங்கள்.

> லெட்ராசெட் எழுத்துமேல் கிளியர் (நிறமில்லாத தெளிபூச்சு) அடித்தால் சிலநேரம் எழுத்து சுருண்டுபோகிறது, சிலநேரம் வெள்ளையாகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லா?

இல்லை, இரண்டும் வேறு வேறு கோளாறு. சுருள்வது பூச்சைக் கரைத்து இளக்கும் தினரின் வேலை. லெட்ராசெட் தேய்த்து ஒட்டும் எழுத்து, 1960களின் தொடக்கத்திலிருந்து வருவது, அதன் மையை லக்கரின், அதாவது கிளியராக அடிக்கும் அந்தப் பூச்சின், தினர் கரைக்கும். முதல் பூச்சைத் தூரத்திலிருந்து தூறலாக, ஈரம் தெரியாத அளவுக்கு அடித்துக் காயவிட்டு, அதுபோல இன்னும் ஓரிரு தூறலுக்குப் பிறகுதான் நனைய அடிக்கலாம். அந்த முதல் பூச்சுக்குத் 'தூறல்பூச்சு' என்று நீங்களே முன்பொரு மடலில் எழுதியிருந்தீர்கள், அதை நான் வழிமொழிகிறேன், அருமையான சொல். வெள்ளையாவது எங்கள் கொழும்புக் காற்றின் வேலை. தினர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்கிறது, காற்றிலிருக்கும் நீர் அதில் படிந்து லக்கருக்குள் மாட்டிக்கொள்கிறது, மேனி பால்போல் வெளிறுகிறது. வெள்ளவத்தையில் கடலோரம் இருக்கிறவர்கள் மழைக்கு முந்திய புழுங்கல் மாலையில் லக்கர் அடித்தால் இது கட்டாயம் நடக்கும். தமிழில் இதற்குத் தேடவே தேவையில்லை: பூத்துப்போச்சு. நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அந்தப் பூத்தல்தான். கலைச்சொல்லாக 'ஈரப்பூப்பு' என்று வைத்துக்கொள்வோம். காலை பத்து மணிக்குப் பிறகு நல்ல வெயிலில், தகட்டைக் கொஞ்சம் சூடாக்கி, மெதுவாக ஆவியாகும் தினரைக் கலந்து அடித்தால் ஈரப்பூப்பு குறையும்.

தமிழில் முகப்பெழுத்து போடுவது பற்றி யாழ்ப்பாணத் தம்பி கேட்டிருந்தார். சொந்தமாகச் செய்யும் அம்ப்ளிபயருக்குத் தாராளமாகப் போடுங்கள், 'ஒலியளவு', 'சமநிலை', 'வானொலி' எல்லாம் பலகையில் வடிவாக இருக்கும். எழுத்தளவில் மட்டும் கவனம் வேண்டும். ஆங்கில எழுத்து இரண்டு மில்லிமீற்றரில் தெளிவாக வரும், சில்க் ஸ்கிரீனில் அதே அளவில் 'ணை' அடித்தால் சுழி மையால் அடைந்துபோகும். புள்ளி இன்னும் மோசம், தெளிபூச்சு ஏறியதும் கீழே உள்ள எழுத்தோடு ஒட்டிவிடும் அல்லது காணாமலே போகும். மூன்றரை, நான்கு மில்லிமீற்றருக்குக் கீழே போகவேண்டாம், தடித்த எழுத்துரு வேண்டாம், புள்ளியைத் தனியே கொஞ்சம் பெரிதாக்குங்கள். செதுக்கிய எழுத்தென்றால் இந்தத் தொல்லை குறைவு: எனாமலைப் பள்ளத்தில் நிரப்பி, மேலே வழிந்ததைக் கடுதாசி அட்டையால் வழித்து எடுத்துவிடலாம். பழைய வானொலியின் கண்ணாடி டயலில் பின்புறமாக அச்சிட்ட லண்டன், ஹில்வெர்சம், லக்சம்பேர்க் என்ற நிலையப் பெயர்களுக்குக் கிட்டவும் அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் போகக்கூடாது, ஒரே துடைப்பில் ஊரெல்லாம் போய்விடும்.

பவுடர் பூச்சு பற்றி ஒரே வரி: 180 முதல் 200 பாகை செல்சியஸ் அடுப்பில் வேகவைப்பது அது, நிலைமாற்றியோ வால்வுச் சொக்கட்டோ செசியில் இருக்கும்போது அதைப் பற்றி யோசிக்கவே கூடாது. 'சூளைப்பூச்சு' என்ற உங்கள் சொல் எனக்குச் சம்மதம்.

இன்னும் சொல் இல்லாமல் நிற்பவை இரண்டு. ஒன்று, அலுமினியத்தில் பெயிண்ட் பிடிக்கும்படி மேற்பரப்பை அமிலத்தால் லேசாக அரித்துப் பிடிக்கும் அடிப்பூச்சு. 'அரிபூச்சு' என்றால் பூச்சே அரித்துப்போனதுபோல் கேட்கிறது, 'பற்றுபூச்சு' பரவாயில்லை, ஆனால் மனம் நிறையவில்லை. மற்றது, தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி இறக்கும் அச்சுப்படலம். மட்டக்களப்பு அண்ணா முன்பு பஸ்களுக்கு எழுதியவர், அந்தத் தொழிலில் அதற்கு ஏதாவது பெயர் இருந்ததா என்று அவர் சொன்னால் அதிலிருந்து தொடங்கலாம்.